மெக்கன்சி மலைச்சாலையில் ஒரு சால்மன் பண்ணை: புறப்படுவதிலிருந்து சமைப்பது வரை முழுமையான வழிகாட்டி

நியூசிலாந்தின் தென் தீவில், கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து மெக்கன்சிச் சமவெளியின் டெக்கப்போ, புகாக்கி ஏரிகளைக் கடந்து ட்வைசல் வரை செல்லும் மலைச்சாலையில் காரை ஓட்டிக்கொண்டு போய், வழியில் ஒரு சால்மன் பண்ணையைப் பார்த்து, அங்கேயே மீன் வாங்கி, அன்றிரவே சமைத்துச் சாப்பிட விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து வந்த உறவினர்களையும் நண்பர்களையும் இந்தச் சாலையில் பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். அவர்கள் தடுமாறிய இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசை பிசகியதுதான் அநேகமாக ஒவ்வொரு முறையும் காரணம்.

1. எந்த இடத்துக்குப் போகிறோம் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியில் சால்மன் என்ற பெயர்ப்பலகையுள்ள எல்லா இடமும் பண்ணை அல்ல. புகாக்கி ஏரியின் தென்கரையில், 8ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய காட்சிமுனையில் மவுண்ட் குக் ஆல்பைன் சால்மன் நிறுவனத்தின் கடை இருக்கிறது. அது கடை மட்டுமே. மீன் வளர்க்கும் கூண்டுகள் அங்கே இல்லை. நீந்தும் மீனைக் காணலாம் என்று குழந்தைகளை அழைத்துச் சென்று, கண்ணாடிப் பெட்டிக்குள் துண்டங்களை மட்டும் காட்டித் திரும்பியவர்கள் உண்டு.

இரண்டாவது வகை, நீர்மின் கால்வாய்களுக்குள் மிதக்கும் கூண்டுகள். டெக்கப்போ, புகாக்கி, ஓஹாவ் ஏரிகளை மின்நிலையங்களோடு இணைக்கும் கால்வாய்களில் பனிமலை நீர் இடைவிடாமல் ஓடுகிறது. அந்த ஓட்டத்தை எதிர்த்து நீந்திக்கொண்டே வளர்வதால் மீனின் சதை இறுக்கமாக அமைகிறது. ஆனால் இவை உற்பத்தி நடக்கும் இடங்கள், நினைத்தபோது உள்ளே சென்று பார்க்க முடியாது. கால்வாய்க் கரைகள் செங்குத்தாகச் சரிகின்றன, நீரோட்டம் வேகமானது, விழுந்தவர் பிடித்து ஏற எதுவும் இருக்காது. ஆகவே குழந்தைகளோடு கரையோரத்தில் நின்று எட்டிப் பார்ப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது வகைதான் நாம் தேடுவது. ட்வைசலுக்குத் தெற்கே சுமார் 3 கிலோமீட்டரில், அதே 8ஆம் எண் நெடுஞ்சாலையோரம், ருவாடனிவா ஏரியின் கிளையான வைரெப்போ நீர்ப்பரப்பில் ஹை கன்ட்ரி சால்மன் என்ற மிதக்கும் பண்ணை இருக்கிறது. கூண்டுகளின் அருகிலேயே நின்று மீன்களைப் பார்க்கலாம், தீனி போடலாம், அங்கேயே உள்ள கடையில் மீன் வாங்கலாம். இந்த வழிகாட்டியில் "பண்ணை" என்று நான் சொல்வதெல்லாம் இதைத்தான்.

தாமே தூண்டிலிட்டுப் பிடிக்க வேண்டும் என்பவர்கள் பயணத்தைத் தனியாகத் திட்டமிட வேண்டும். கால்வாய்களில் தூண்டில் போட மீன்பிடி உரிமம் கட்டாயம். பண்ணையில் மீன் வாங்கிய ரசீது அதற்கு ஈடாகாது. தீவின் வடகோடியில், டாக்கக்கா மலைச்சாலையைத் தாண்டினால் வரும் அனடோக்கி பண்ணையில் உரிமம் இல்லாமல் பிடிக்கலாம், பிடித்த மீனின் எடைக்குப் பணம் கட்ட வேண்டும். ஆனால் அது மெக்கன்சியிலிருந்து ஒரு முழு நாளுக்கும் மேற்பட்ட தொலைவு. இரண்டையும் ஒரே திட்டத்தில் நுழைக்க முயலாதீர்கள்.

2. பண்ணை மூடும் நேரத்திலிருந்து நாளைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

வரிசையில் நடக்கும் பெரும்பிழை இங்கேதான். கோடையில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருப்பதால், கடைகளும் அதுவரை திறந்திருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது. பண்ணைக் கடை வெளிச்சத்தைப் பார்த்து மூடுவதில்லை. குளிர்காலத்தில் நேரம் மேலும் சுருங்கலாம். புறப்படுவதற்கு முந்தைய நாள் அன்றைய திறப்பு நேரத்தைப் பார்த்துக்கொண்டு, மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்கும்படி திட்டமிடுங்கள்.

ஒரே நாளில் கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து இதைச் செய்ய வேண்டாம். டெக்கப்போவுக்கே ஏறத்தாழ 230 கிலோமீட்டர், நிறுத்தமில்லாமல் ஓட்டினாலும் மூன்று மணி நேரம். முதல் நாள் ஜெரால்டின், ஃபேர்லி வழியாக வந்து டெக்கப்போவில் தங்குங்கள். அந்தப் பகுதி 2012இல் இருண்ட வானக் காப்பகமாக, அதாவது இரவு வானம் செயற்கை வெளிச்சத்திலிருந்து காக்கப்படும் இடமாக, அங்கீகரிக்கப்பட்டது. மேகமில்லாத இரவில் வெளியே நின்று வானத்தைப் பார்த்தால் தங்கியது வீண் போகாது.

இரண்டாம் நாளின் கணக்கை நான் இப்படி வைத்துக்கொள்கிறேன். மாலை 3 மணிக்குப் பண்ணையில் இருக்க வேண்டும். ஆவோராக்கி என்னும் குக் மலையின் அடிவாரக் கிராமத்திலிருந்து ட்வைசல் வரை சுமார் 65 கிலோமீட்டர் என்பதால் 2 மணிக்குக் கிராமத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். மலையடிவாரத்தில் நடக்கவும் சாப்பிடவும் மூன்றரை மணி நேரம் வேண்டுமானால் 10.30க்குக் கிராமத்தை அடைந்திருக்க வேண்டும். வழியில் புகாக்கிக் கரையில் நிற்காமல் யாராலும் போக முடியாது. ஆகவே டெக்கப்போவிலிருந்து காலை 8.30க்குப் புறப்பாடு. இரவுத் தங்கல் ட்வைசலில், பண்ணையிலிருந்து சில நிமிடத் தொலைவில்.

3. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் சமையலறையுள்ள தங்குமிடம். வெறும் அறையை முன்பதிவு செய்துவிட்டு மீன் வாங்கினால் அதை வைக்கக் குளிர்பெட்டியும் இராது, வேக வைக்க அடுப்பும் இராது. ட்வைசலில் சமையலறையோடு கூடிய மோட்டல்களும் விடுமுறைப் பூங்காக்களும் உள்ளன. முன்பதிவு செய்யும்போதே அடுப்பும் வாணலியும் உண்டா என்று கேட்டுவிடுங்கள். சில இடங்களில் நுண்ணலை அடுப்பு மட்டுமே இருக்கும்.

அடுத்தது ஐஸ் பெட்டி. இந்த ஊரில் அதற்குச் 'சில்லி பின்' என்று பெயர். கடையில் வேறு பெயர் சொல்லிக் கேட்டால் சில சமயம் புரியாது. ஒரு முழு மீன் மடங்காமல் படுக்கும் நீளத்தில் வாங்குங்கள். ஐஸ் கட்டியை முதல் நாளே வாங்க வேண்டாம், இரண்டாம் நாள் பண்ணைக்குச் செல்லும் வழியில் ட்வைசலிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, நீர்ப்பரப்பின் பளபளப்பை வடிகட்டும் போலராய்டு கண்ணாடி. சாதாரணக் கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தை மட்டுமே குறைக்கிறது, நீரின் மேல் தெறிக்கும் ஒளியை அது நீக்குவதில்லை. கூண்டின் ஓரத்தில் நின்று ஒருவர் "அதோ, எவ்வளவு பெரியது" என்று வியக்க, பக்கத்தில் நிற்பவர் வெறும் வானத்தின் பிம்பத்தையே பார்த்துக்கொண்டிருப்பதன் காரணம் இந்தக் கண்ணாடிதான்.

ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் போதும், இல்லையென்றால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். ஏழு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம், வாடகைக் காரை எடுக்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஊரிலிருந்து மசாலா கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு சொல். நியூசிலாந்து விமான நிலையத்தில் உணவுப்பொருள் எதுவாயினும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் பிடிபட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம். முத்திரையிட்ட பொட்டலத்தில் உள்ள குழம்புத்தூளை அறிவித்துவிட்டுக் காட்டுங்கள். பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டு வரவே வேண்டாம், அதை எடுத்துவிடுவார்கள். மலையில் நடந்த காலணிகளும் தூண்டில் கருவிகளும் மண் ஒட்டாமல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதும் இதே விதியின் கீழ் வருகிறது.

4. சாலையில் கவனிக்க வேண்டியவை

இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் நமக்குப் பாதித் தயக்கம் தீர்ந்துவிடுகிறது. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது. திறந்த சாலையில் உச்சவேகம் 100 கிலோமீட்டர் என்று போட்டிருப்பது அதற்குமேல் போகக்கூடாது என்ற எல்லை, அந்த வேகத்தில் போயே ஆகவேண்டும் என்ற கட்டளை அல்ல. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் அடுத்த ஒதுங்குமிடத்தில் இடப்பக்கம் ஒதுங்கி அவர்களைப் போகவிடுங்கள். பதற்றத்தில் வேகத்தைக் கூட்டுவதால்தான் வளைவுகளில் தவறு நேர்கிறது.

ஒற்றைத்தடப் பாலங்களில் பலகையின் வடிவத்தைப் பாருங்கள். சிவப்பு விளிம்புள்ள வட்டம் என்றால் நீங்கள் நின்று எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். நீலச் சதுரம் என்றால் உங்களுக்கு முன்னுரிமை. ஆனாலும் எதிரே வருபவர் பலகையைப் பார்த்தாரா என்பதை உறுதிசெய்த பிறகே பாலத்தில் ஏறுங்கள்.

ஃபேர்லியைத் தாண்டி 709 மீட்டர் உயரமுள்ள பர்க்ஸ் கணவாயில் ஏறியதும் நிலம் திடீரென விரிந்து, மரமற்ற பொன்னிறப் புல்வெளியாகிறது. படம் எடுக்கக் கை பரபரக்கும். சாலையோரம் குறுகலாக இருப்பதால், அடையாளமிட்ட நிறுத்தங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை நிறுத்தாதீர்கள்.

புதியவர்கள் எதிர்பார்க்காத ஒன்று காற்று. வடமேற்கிலிருந்து மலையிறங்கி வரும் காற்று, காரின் கதவைத் திறந்த கையிலிருந்து பறித்து மறுபுறம் மடக்கிவிடும், கீல் வளைந்துவிடும். வண்டியின் முகம் காற்றை நோக்கி இருக்கும்படி நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒரு கதவை மட்டும், இரு கைகளாலும் பிடித்துத் திறக்கச் சொல்லுங்கள். இதைக் குழந்தைகளுக்குப் புறப்படும்போதே பழக்கிவிடுவது நல்லது.

எரிபொருளை டெக்கப்போவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கைப்பேசி அலைவரிசை பல இடங்களில் இல்லை என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

5. முதலில் மலை, பிறகே மீன்

டெக்கப்போவிலிருந்து வரும்போது புகாக்கிக் காட்சிமுனையும் அங்குள்ள கடையும் முதலில் வரும். சற்றுத் தள்ளி வலப்புறம் 80ஆம் எண் நெடுஞ்சாலை பிரிந்து, ஏரியின் மேற்கரையை ஒட்டி 55 கிலோமீட்டர் சென்று மலைக் கிராமத்தில் முடிகிறது. அந்தச் சாலைக்கு வேறு வழி கிடையாது. போன வழியேதான் திரும்ப வேண்டும். திரும்பி வந்த பின்புதான் ட்வைசலும் அதைத் தாண்டிப் பண்ணையும் வருகின்றன.

ஆகவே காலையில் கடையைப் பார்த்ததும் பச்சை மீன் வாங்காதீர்கள். ஒரு ஜனவரி மாதத்தில் என்னோடு வந்த உறவினர்கள், மாலையில் கூட்டம் அதிகமாகிவிடும் என்று எண்ணி, அழகான இரண்டு துண்டங்களை வாங்கிக் காரின் பின்பெட்டியில் வைத்தார்கள். ஐஸ் இல்லை. மலையடிவாரத்தில் நடந்துவிட்டு ஐந்து மணி நேரம் கழித்துத் திறந்தபோது பொட்டலம் வெதுவெதுப்பாக இருந்தது. வாசனை இன்னும் மாறவில்லை, சமைக்கலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை, குப்பையில் போட்டோம். மெக்கன்சிச் சமவெளியின் கோடை வெயில் கடுமையானது, மூடிய காருக்குள் சூடு ஏறுவதற்கு அரைமணி நேரமே போதும். தவறு என் பக்கமும் இருந்தது. வரிசையை அவர்களுக்கு முன்பே விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும்.

காலையில் அந்தக் கடையில் வாங்கத் தக்கது, அங்கேயே நின்று சாப்பிடக்கூடிய சிறு தட்டு மட்டுமே. ஏரியின் பால் கலந்த நீல நிறத்துக்குப் பனியாறுகள் அரைத்துத் தள்ளும் நுண்ணிய பாறைத்தூள் காரணம். அந்தத் தூள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிக்கிறது. வானம் தெளிந்திருந்தால் ஏரியின் மறுமுனையில் 3,724 மீட்டர் உயர ஆவோராக்கி தெரியும்.

கிராமத்தை அடைந்ததும் உங்கள் நேரத்துக்கேற்ற நடையைத் தேர்ந்தெடுங்கள். புகழ்பெற்ற ஹுக்கர் பள்ளத்தாக்கு நடை போக வர 10 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். தொங்குபாலப் பணிகளுக்காகப் பாதையின் ஒரு பகுதி மூடப்படுவது உண்டு என்பதால் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் (DOC) அறிவிப்பை அன்று காலையில் பாருங்கள். மூத்தவர்களோ குழந்தைகளோ உடன் இருந்தால் டாஸ்மன் பனியாற்றுக் காட்சிமுனை போதும், போக வர 40 நிமிடம்தான், ஆனால் படிகள் உண்டு. எந்த நடையானாலும் 2 மணிக்கு வண்டிக்குள் இருக்க வேண்டும். "இன்னும் ஒரு வளைவு மட்டும்" என்று நடந்தவர்களே பண்ணையின் மூடிய கதவைப் பார்த்திருக்கிறார்கள்.

6. பண்ணையில்

வந்தவுடன் கடைக்குள் போகாமல் முதலில் கூண்டுகளிடம் செல்லுங்கள். மீனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தால் அந்த நேரமெல்லாம் மீன் சூடாகிக்கொண்டே இருக்கும்.

தீனியைக் கைநிறைய அள்ளி ஒரே வீச்சில் கொட்டாதீர்கள். அது நீரில் சிதறி, மீன்கள் ஒரு கணம் பாய்ந்துவிட்டு அடங்கிவிடும். ஐந்தாறு உருண்டைகளை ஒரே இடத்தில் போட்டு, மீன்கள் எழும்பியதும் அதே இடத்தில் மீண்டும் போடுங்கள். மூன்றாவது முறையில் மீன்கள் அந்த இடத்தை அறிந்துகொண்டு மேலேறிச் சுற்றத் தொடங்கும், அப்போதுதான் முதுகின் கரும்புள்ளிகளும் பக்கவாட்டின் வெள்ளி மினுக்கும் தெளிவாகத் தெரியும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் பளபளப்பு குறையும், ஆனால் உங்கள் நிழல் நீரில் விழாதபடி சற்று விலகி நில்லுங்கள். நிழலைக் கண்டால் மீன் அடியில் இறங்கிவிடும். கையை நீரில் விடுவது கூடாது. குழந்தைகளின் தொப்பியையும் கைப்பேசியையும் கயிறால் கட்டிக்கொள்வது இந்தக் காற்றில் மிகையான எச்சரிக்கை அல்ல.

இங்கே வளர்வது சினூக் என்னும் இனம், கடைகளில் கிங் சால்மன் என்று எழுதியிருக்கும். நியூசிலாந்தில் பண்ணைகளில் வளர்க்கப்படுவது இந்த ஓரினமே, உலகச் சந்தையில் பரவலாகக் கிடைக்கும் அட்லாண்டிக் சால்மன் இங்கே வளர்க்கப்படுவதில்லை. குளிர்ந்த நீர் அதிக உயிர்வளியைத் தாங்கும் என்பதால், மலையடிவாரத்துக் குளிர்நீர் இந்த மீனுக்கு உகந்ததாகிறது. சதையின் ஆரஞ்சு நிறம் தீனியில் உள்ள அஸ்டாசாந்தின் என்ற நிறமியால் வருகிறது. காட்டு சால்மனுக்கு அதே நிறமி இறால் போன்ற ஓட்டுயிர்களைத் தின்பதால் கிடைக்கிறது. சாயம் பூசிய மீனோ என்று பலர் என்னிடம் கேட்டிருப்பதால் இதைச் சொல்ல நேர்ந்தது.

7. வாங்கும்போது

தமிழ்நாட்டில் 'இந்தியன் சால்மன்' என்ற பெயரில் விற்கப்படும் காலா மீன் வேறு, இது வேறு. இரண்டும் உறவில்லாத இனங்கள். காலாவின் பக்குவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதை வாங்கினால் அளவும் தவறும், சமையலும் தவறும். சினூக், சால்மன் இனங்களிலேயே கொழுப்பு மிகுந்தது. வஞ்சிரத் துண்டம் மூன்று சாப்பிடுகிறவருக்கு இது ஒன்றரைத் துண்டத்திலேயே நிறைந்துவிடும். நால்வருக்கு ஒரு முழு மீன் தேவையே இல்லை, ஒரு பக்கத்துச் சதைத் துண்டம் தாராளமாகப் போதும்.

குழம்பு வைக்க எண்ணினால் தலையும் நடுமுள்ளும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். சதையை அரிந்தெடுத்த பிறகும் முள்ளில் நல்ல அளவு மீன் ஒட்டியிருக்கும், குழம்புக்கு அதைவிட ருசியான பகுதி இல்லை என்பது என் கருத்து.

பச்சையாக உண்ணும் சாஷிமியும் கிடைக்கும். கர்ப்பிணிகள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள், மூத்தவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் விற்கப்படும் புகையூட்டிய சால்மனுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் லிஸ்டீரியா என்னும் கிருமி குளிரிலும் பெருகக்கூடியது. குளிர்ப்புகையில் மீன் வேகுவதில்லை. வெப்பப்புகையில் வேகிறது, சதை உதிரும். கர்ப்பிணி ஒருவருக்குக் கொடுப்பதானால் இரண்டில் எதுவானாலும் ஆவி பறக்கச் சூடாக்கியே கொடுங்கள்.

8. ஐஸ் பெட்டியை அடுக்கும் முறை

அடியில் ஐஸ், நடுவில் மீன், மேலே மறுபடியும் ஐஸ். குளிர் மேலிருந்து கீழிறங்குவதால் மேலடுக்கே முக்கியம், பலரும் அடியில் மட்டும் வைத்துவிடுகிறார்கள். மீன் பொட்டலத்தை மற்றொரு பையில் போட்டுக் கட்டுங்கள். உருகிய நீரில் மீன் ஊறினால் சதை வெளிறிச் சொதசொதப்பாகிவிடும். பெட்டியைப் பின்பெட்டியில் வைக்காமல், குளிரூட்டி படும் இருக்கைப் பக்கம் வைத்து, அறையை அடைந்ததும் மற்றப் பைகளை இறக்குவதற்கு முன் மீனைக் குளிர்பெட்டிக்குள் வையுங்கள். 5 பாகை செல்சியசுக்கு மேல் போகாமல் இருந்தால் அடுத்த நாள் வரை கவலையில்லை.

9. அன்றிரவுச் சமையல்

சதையின் நடுக்கோட்டில் விரலை ஓட்டினால் ஊசிமுள் தட்டுப்படும். சாய்ந்திருக்கும் திசையிலேயே இடுக்கியால் இழுங்கள், எதிர்த்திசையில் இழுத்தால் சதை பிய்ந்துவிடும்.

வறுப்பதானால் துண்டத்தின் ஈரத்தை நன்றாக ஒற்றியெடுத்துவிட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை தடவிப் பத்து நிமிடம் போதும். வாணலியில் சில துளி எண்ணெய் மட்டும் விட்டு, தோல் கீழே இருக்கும்படி வைத்து, மிதமான தீயில் முக்கால் பங்கு வேகும்வரை தொடாதீர்கள். மீனே தன் கொழுப்பை விடும், நாம் வழக்கம்போல் எண்ணெய் ஊற்றினால் தட்டில் நெய் மிதப்பதுபோல் ஆகிவிடும். பிறகு ஒரே முறை திருப்புங்கள்.

குழம்பானால் நல்லெண்ணெயைப் பாதியாகக் குறைத்து, புளிக்கரைசல் பச்சை வாசனை நீங்கிக் கெட்டியான பின்பே மீனைப் போட வேண்டும். ஐந்தாறு நிமிடம் சிறுதீயில் கொதித்தால் போதும். கரண்டி விட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள். இந்த மீன் மெல்லிய ஏடுகளாகப் பிரியும் இயல்புடையது, வஞ்சிரம்போல் கிளறலைத் தாங்காது.

ஜன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள். விடுதிகளின் புகை எச்சரிக்கைக் கருவிகள் நம் தாளிப்பைத் தாங்குவதில்லை.

10. மறுநாள் லிண்டிஸ் கணவாயைக் கடப்பதற்கு முன்

ட்வைசலிலிருந்து ஓமராமா 30 கிலோமீட்டர். அங்கிருந்து 971 மீட்டர் உயரமுள்ள லிண்டிஸ் கணவாயைத் தாண்டினால் வானகாவுக்கும் குயின்ஸ்டவுனுக்கும் செல்லலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை நிழலில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் சாலையில் இருக்கும். டயர்ச் சங்கிலியை வைத்துக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு புறப்படுங்கள். சாலை நிலவரத்தைக் காலையில் பார்த்த பின்பே அறையைக் காலி செய்யுங்கள்.

மீந்த சமைத்த மீனை எடுத்துச் செல்வதானால் ஐஸ் புதிதாக வாங்கிப் போடுங்கள், நேற்றைய ஐஸ் நீராகியிருக்கும். அந்த நீரை ஏரியிலோ ஓடையிலோ கொட்டாமல் அறையின் தொட்டியிலேயே ஊற்றிவிட்டு, பெட்டியைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். தென் தீவின் ஆறுகளில் 2004 முதல் டிடிமோ என்னும் பாசி பரவிவருகிறது, ஈரமான பொருள்கள் வழியாகவே அது ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறது. ஏரிக்கரையில் நனைந்த காலணிகளையும் அதே தொட்டியருகில் கழுவி, முழுவதும் உலர்ந்த பின்பே வண்டியில் ஏற்றுங்கள்.